வேன் வந்த வழி

இன்சூரன்ஸ் இருக்குதுங்களான்னு கேட்டீங்க பாருங்க தம்பி, அது நல்ல கேள்விங்க. வண்டி பாக்க வர்றவங்க டயரை ஒதைச்சுப் பாக்கறாங்க, பானட்டைத் தூக்கிப் பாக்கறாங்க, மைலேஜ் கேக்கறாங்க. இன்சூரன்ஸை யாரும் வாயத் தொறந்து கேக்கறதில்லை. நீங்க கேட்டீங்க. இருக்குதுங்க, எல்லாம் இருக்குது. மொதல்ல ஓட்டிப் பாருங்க. சாவி இந்தாங்க.

நானுங்களா? நான் பின்னால உக்காந்துக்கறேன். இல்லீங்க, முன்னால வேண்டாம். பெயிண்ட் கடைக்காரன், நாள் முச்சூடும் நின்னே பொழப்பு. பின்னால உக்காந்தா காலை நீட்டிக்கலாம் பாருங்க. ஏறுங்க.

அந்தப் பக்கத்து சீட்டு பெல்ட்டைக் கழட்டாதீங்க தம்பி. காலி சீட்டுத்தான், தெரியுது. மாட்டியே இருக்கட்டும். கழட்டினா கீ கீன்னு கத்துமுங்க. ஒர்க் ஷாப்புல சீட்டோட சேத்து உள்ள இருக்கற சென்சாரையும் மாத்தித்தான் குடுத்தாங்க. மாத்தின பொறகும் கத்துது. அந்த மெக்கானிக் சொல்றான், அண்ணா, ஆள் உக்காந்து பெல்ட் போடலைன்னாத்தான் இது கத்தும், காலி சீட்டுக்குக் கத்தாதுன்னு. கத்துதே, என்ன பண்றது. மாட்டி வெச்சுட்டா சத்தமில்லை. அவ்வளவுதான். இதுக்காக வேணும்னா வெலையில கொஞ்சம் கொறைச்சுக்கலாம்.

உடுமலை ரோட்டுல விடுங்க. அந்த ரோடு நல்லாருக்கும், வண்டி எப்படி இழுக்குதுன்னு தெரியும்.

ஆமாங்க, அடிபட்ட வண்டிதான். நீங்க கேக்கறதுக்கு முன்னாலயே சொல்லிடறேன், ஒளிக்கற சோலி நம்மகிட்ட இல்லை. ஆனா சொல்லாம விட்டிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? பீச்சாங்கைப் பக்கம் கதவு ரெண்டும் புதுசு. பம்பர், லைட்டு, முன் கண்ணாடி எல்லாம் புதுசு, எல்லாம் கம்பெனி சாமான். பெயிண்ட்டைப் பாருங்க, பழைய கதவுக்கும் புதுக் கதவுக்கும் வித்தியாசம் எனக்கே தெரியலை. இதுல என்ற கைக்காசு பெருசா ஒண்ணும் போகலைங்க. இன்சூரன்ஸ் குடுத்துச்சு.

இன்சூரன்ஸுல கட்டாயம்னு கொஞ்சம் இருக்குது, நம்ம இஷ்டம்னு கொஞ்சம் இருக்குது. ரோட்டுல போறவன் வர்றவன் மேல நாம ஏத்திட்டா அவனுக்குக் குடுக்கறதுக்குன்னு போடறது கட்டாயம். அது இல்லாம வண்டிய ரோட்டுல எறக்கவே கூடாது. ஓட்டற ஓனருக்கு ஒண்ணு, அதுவும் போட்டுத்தான் ஆகோணும். மத்ததெல்லாம் நம்ம இஷ்டமுங்க. வண்டி நசுங்குனா, களவு போனா, மழைத் தண்ணி எஞ்சினுக்குள்ள போனா. சாவி தொலைஞ்சாக்கூட ஒண்ணு இருக்குதுங்க தம்பி. நான் எல்லாத்தையும் போட்டேன். சாவிக்குக்கூடப் போட்டேன். ஒண்ணே ஒண்ணைத்தான் வேண்டாம்னேன்.

அந்த லோகநாதன் இருக்கானே, ஏஜென்ட்டு, அவன் வாய் சரியில்லாத வாயிங்க. நீங்க யார்கிட்ட வேணும்னாலும் போடுங்க, அவன்கிட்ட மட்டும் போடாதீங்க.

வண்டி டெலிவரி எடுக்கற அன்னிக்கு ஷோரூம்லயே பூசை. மாலை போட்டு, சந்தனம் வெச்சு, நாலு டயருக்கும் அடியில எலுமிச்சம்பழம் வெச்சு, ஐயர் மணி அடிச்சுட்டு இருக்காரு. என்ற சம்சாரம் ருக்மணி பட்டுச்சேலை கட்டிட்டு நிக்கறா. என்ற தங்கச்சி பூங்கொடி, அவ ஊட்டுக்காரரு நல்லசிவம் மாப்ள, எல்லாரும் இருக்கறாங்க. இவன் கையில ஒரு பாரத்தை வெச்சுட்டு நடுவுல வந்து நிக்கறான். 'அண்ணா, ஒண்ணே ஒண்ணு டிக் பண்ணாம விட்டிருக்கீங்க. உள்ள உக்காந்து வர்றவங்க செத்துப் போயிட்டா குடுக்கறதுக்கு ஒண்ணு இருக்குது. கட்டாயமில்லை. உங்க இஷ்டம். போட்டுரலாமுங்களா'ங்கறான்.

கற்பூரம் எரிஞ்சுட்டு இருக்குதுங்க தம்பி. அந்நேரத்துல அந்தப் பேச்சு பேசறான். உள்ள உக்காந்து வர்றவங்க யாரு? ருக்மணி, பூங்கொடி, மாப்ள, நம்ம புள்ளைக. ஊருல இருக்கறவனா வந்து உக்காரப் போறான்? அவங்க சாவுக்கு இன்னிக்கே ஒரு ரேட்டு பேசுன்னு சொல்றானே, அது என்ன பேச்சு? ருக்மணி மொகம் சுண்டிப் போச்சு. 'நல்ல நாளும் அதுவுமா என்ன வார்த்தைங்க இது'ன்னு கேட்டே போட்டா. நான் சொன்னேன், 'ஏப்பா, வேற எது வேணும்னாலும் போட்டுக்க, அதை மட்டும் எழுதாதே. எழுதுனா நாமளே கூப்பிட்டு வெச்ச மாதிரி ஆயிரும்'னேன்.

மாப்ள மட்டும் சிரிச்சாரு. அவரு எப்பவும் அப்படித்தான். 'போட்டுருங்க மச்சான், முன் சீட்டுல நான்தானே உக்காரப் போறேன், எனக்காகவாச்சும் போட்டுருங்க'ன்னாரு. பூங்கொடி அவரு தோள்ல ஒண்ணு வெச்சா. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. அந்த மாலைக்குக் குடுத்ததைவிட அதுக்குக் கட்டற காசு கொறைச்சல்தானுங்க. காசுக்காக வேண்டாம்னு சொல்லலை. மனசுக்குப் பட்டுது, சொன்னேன். நீங்களா இருந்தாலும் அதைத்தானே சொல்லியிருப்பீங்க? சொல்லுங்க.

சித்த மெதுவாப் போங்க, முன்னால ஸ்பீடு பிரேக்கர்.

அவன் நாக்கு கருநாக்குங்க. அவன் அன்னிக்கு அந்த வார்த்தையச் சொல்லாம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. நான் இதை ருக்மணிகிட்டச் சொல்லிருக்கேன், பூங்கொடிகிட்டயும் சொல்லிருக்கேன். பூங்கொடி எந்திரிச்சு உள்ள போயிட்டா.

மாப்ளையைப் பத்திச் சொல்லோணும். தங்கமான மனுசன். பஸ் ஸ்டாண்டுகிட்ட மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வெச்சிருந்தாரு. வாய் ஓயாது. வண்டில ஏறுனா எறங்கற வரைக்கும் பேச்சுத்தான். அவரு சொல்லுவாரு, 'டிரைவர் பக்கத்துல உக்காறவனுக்கு ஒரு வேலை இருக்குது மச்சான், டிரைவரைத் தூங்க விடாம பேசிட்டே வரோணும்'னு. எனக்குச் சில நேரம் சலிப்பாக்கூட இருக்கும். ஒரு ஆளு எவ்வளவுதான் கேக்கறது.

அன்னிக்கு உடுமலையில ஒரு கண்ணாலம். முகூர்த்தம் முடிஞ்சு பந்தி. நல்ல சாப்பாடுங்க, கொறை சொல்ல முடியாது. பால் பாயசம் ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சேன். பொம்பளைங்க சாயங்காலம் வரவேற்பு முடிச்சுட்டு பஸ்ஸுல வர்றோம்னுட்டாங்க. எனக்குக் கடை திறக்கோணும், மாப்ளைக்கும் கடை. ரெண்டு பேரும் கெளம்பிட்டோம். உச்சி வெய்யல். ஏசி போட்டாச்சு.

மாப்ளைக்கு வயிறு நெறஞ்சு போச்சுங்க. பெல்ட் வயித்தை அழுத்துதுன்னு கழட்டிட்டாரு. கழட்டுனதும் கீ கீ கீன்னு இதே கத்தல். நம்ம ரோட்டைப் பாக்கறதா, இதைக் கேக்கறதா. 'அதை மொதல்ல நிறுத்துங்க மாப்ள, தலை வலிக்குது'ன்னேன். அவரு பெல்ட்டை இழுத்து முதுகுக்குப் பின்னால போட்டு மாட்டிக்கிட்டாரு. எல்லாரும் பண்றதுதானுங்களே. சத்தம் நின்னுருச்சு.

நடுவுல ஒரு டீக்கடை வந்துது. 'நிறுத்துங்க மச்சான், ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம், உங்க கண்ணு செவந்திருக்குது'ன்னாரு. பாயசம் குடிச்ச வாயில என்ன டீன்னு நான் நிறுத்தலை. கண்ணு செவந்தது வெய்யலுக்குங்க. வெய்யல்ல யாருக்கும் செவக்கும். அப்புறம் அவரு பேசிட்டே வந்தாரு, மிக்ஸி மோட்டார் பத்தி என்னமோ சொன்னாரு. சொல்லிட்டே இருந்தவரு அப்படியே தலையை சாச்சுத் தூங்கிட்டாரு. பேச்சு நின்னு போச்சு. பெல்ட் சத்தமும் இல்லை. ஏசி காத்து மட்டும் உஸ்ஸுன்னு வருது. அப்படி ஒரு அமைதிங்க தம்பி. அப்படி ஒரு சொகம் அதுல.

வேன் வந்துருச்சு.

சோத்தாங்கைப் பக்கத்துல ஒரு சந்துக்குள்ள இருந்து திடுதிப்புன்னு வந்துதுங்க. வெள்ளை வேன். வெள்ளைன்னா வண்டிக் கம்பெனிக்காரன் அடிக்கற பளபள வெள்ளை இல்லை, நான் பெயிண்ட் கடைக்காரன், எனக்குத் தெரியும். மங்கலான வெள்ளை, சுண்ணாம்பு அடிச்ச வெள்ளை. நடுவுல ஒரு கறுப்புப் பட்டை. மொகத்துக்கு நேரா வந்துது. அதை இன்னிக்கு நெனச்சாலும் கண்ணுக்குள்ள அப்படியே நிக்குது. நான் ஸ்டியரிங்கை ஒடிச்சேன். வண்டி பீச்சாங்கைப் பக்கம் போயி மரத்துல அடிச்சுது. வேன் நிக்காம போயிருச்சு.

எனக்கு நெத்தியில ஒரு கீறல். அவ்வளவுதான். மாப்ள முழிக்கவே இல்லை. தூக்கத்துலயே போயிட்டாரு, வலி தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. நான் அதைத்தான் பூங்கொடிகிட்டச் சொன்னேன்.

போலீஸ்ல சொன்னேன், வேன்னு. ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். வேனை இன்னிக்கு வரைக்கும் பிடிக்கலை. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து வண்டியைச் சுத்திச் சுத்திப் பாத்தான். கதவுல ஒட்டியிருந்த வெள்ளையை நகத்துல சொரண்டிப் பாத்துட்டு, 'இது சுண்ணாம்புங்க'ன்னான். வெள்ளையைப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றான். இருந்தாலும் வண்டிக்கு எல்லாம் குடுத்துட்டாங்க. கதவுக்குக் குடுத்தாங்க, கண்ணாடிக்குக் குடுத்தாங்க.

லோகநாதன் துக்கம் விசாரிக்க வந்தான். வந்தவன் வாயை மூடிட்டுப் போலாம்ல? திரும்பப் பேசினான். 'அண்ணா, அன்னிக்கு அதை டிக் பண்ணியிருந்தா, தப்பு யாருதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. கம்பெனி பேசாம குடுத்திருக்கும். இப்பக் கேப்பாங்க. ஓட்டுன உங்க தப்புன்னு ஆனா உங்க கம்பெனி தங்கச்சிக்குக் குடுக்கும். வேன்காரன் தப்புன்னா வேனைக் கண்டுபிடிக்கோணும். வேன் கெடைக்கலைன்னா கவர்மெண்ட்டுல கொஞ்சூண்டு ஏதோ குடுப்பாங்க, அவ்வளவுதான்'னான். பூங்கொடி கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுட்டு இருந்திருக்கா.

அதுல இருந்து அவ ஒரே பேச்சுங்க. 'அண்ணா, நீங்க தூங்கிட்டீங்கன்னு கோர்ட்டுல ஒரு வார்த்தை சொல்லிருங்க'ங்கறா. 'நான் உங்க மேல கோவமே படலை. சத்தியமா கோவமில்லை. அந்த மனுசன் உசுரோட இருந்தாலும் உங்க மேல கோவப்பட மாட்டாரு. ஆனா எம் புள்ள படிக்கோணும்'ங்கறா. நான் தூக்கி வளத்தவ. அவ வாயில இருந்து அது வருது. நான் தூங்கலை, வேன் வந்துச்சுன்னா கேக்க மாட்டேங்கறா. 'அப்ப அந்த வேனுக்காரன் எங்க?'ங்கறா. எனக்கு எப்படித் தெரியும்?

நீங்களே சொல்லுங்க தம்பி. தூங்கிட்டேன்னு சொன்னா நாளைக்கு ஊரு என்ன பேசும்? தங்கச்சி தாலியை அண்ணனே அறுத்தான்னு பேசும். போலீஸ் கேஸு வேற நடக்குது. கடைக்கு எவன் வருவான்? அதையெல்லாம் விடுங்க. நடக்காததை நடந்துச்சுன்னு எப்படிச் சொல்றது?

அவ இப்பத் திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் வேலைக்குப் போறா. விடியறதுக்குள்ள கம்பெனி பஸ் வந்துருது. புள்ளைக்கு நர்சிங் காலேஜ்ல எடம் கெடைச்சும் சேக்க முடியாம நிக்குது. எனக்கு மட்டும் மனசில்லையா? இந்த வண்டிய வித்து வர்றதை முழுசா அவகிட்டக் குடுத்தர்றேன்னேன். வேற எந்த அண்ணன் குடுப்பான்? அவ வேண்டாம்னுட்டா. 'அந்த வண்டிக் காசு எனக்கு வேண்டாம். ஒரு வார்த்தைதான் வேணும்'னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டா. அதுக்கப்புறம் பேசலை. மாப்ள இருந்தவரைக்கும் என்ற தங்கச்சி என்னை ஒரு சொல் சொன்னதில்லைங்க.

இங்க நிறுத்துங்க. இங்கதான். ஓரமா நிறுத்துங்க தம்பி. நான் எறங்கலை, நீங்க வேணும்னா எறங்கிப் பாருங்க.

அதா, அந்தப் புளியமரம். பட்டை பேந்திருக்குது பாருங்க. வெள்ளையும் கறுப்புமா ரோட்டுக்காரங்க எல்லா மரத்துக்கும் பட்டை அடிச்சு வெச்சிருக்காங்க. புதுசா அடிச்சிருக்காங்க போல. நல்லாத் தண்ணி கலந்து அடிச்சிருக்கானுக, ஒரு மழைக்கு நிக்காது. மங்கலாத்தான் தெரியும்.

வேன் எங்கிருந்துன்னா? அந்த சந்துல இருந்துதான். சோத்தாங்கைப் பக்கம்.

அது வாய்க்காலுங்க. ஆமா, வாய்க்கால்தான். அந்தப் பக்கம் ரோடு இல்லை. அப்பப் பீச்சாங்கைப் பக்கமா இருக்கோணும். நான் போற வேகத்துல எது எந்தப் பக்கம்னு எப்படிங்க சொல்றது. பீச்சாங்கைப் பக்கம் தோட்டத்துக் காம்பவுண்டு இருக்குது. அது அதுக்கப்புறம் கட்டுனதா இருக்கும். இங்க ஒரு வழி இருந்துச்சு தம்பி, வேன் வர்ற அளவுக்கு வழி. அடைச்சுட்டாங்க. கரண்டு எடுக்கக் காத்தாடி போடறவங்க நெலத்தையெல்லாம் வாங்கி எங்க பாத்தாலும் அடைச்சுட்டாங்க. விசாரிச்சா யாராச்சும் சொல்லுவாங்க, வழி இருந்துச்சுன்னு. நான் இன்னும் விசாரிக்கலை.

அந்த வேனை நான் பாத்துட்டுத்தான் இருக்கேனுங்க. கடைக்கு எதுக்கால போகும். போன வாரம் சந்தையில நின்னுச்சு. அதே வெள்ளை. நம்பரைப் பாக்கலாம்னு போனா நகந்துரும். முன் சீட்டுல ஒருத்தர் தலையைச் சாச்சுட்டு உக்காந்திருக்காரு. ருக்மணிகிட்டக் காட்டுனேன், எங்கீங்க எங்கீங்கன்னு கேக்கறா. அவளுக்குத் தெரியலை.

திங்கக்கெழமை கோர்ட்டுல கூப்பிட்டிருக்காங்க. பூங்கொடி வருவா. வேன் எந்தப் பக்கம் வந்துச்சுன்னு வக்கீல் கேப்பாரு. சொல்லிருவேன். இன்னிக்கு உங்ககிட்டச் சொன்ன மாதிரியே சொல்லிருவேன். நான் சொன்னதுல ஒண்ணும் கொறையில்லைங்களே? நீங்க நம்புறீங்கதானே? இதுக்கு முன்னால வண்டி பாக்க வந்தவங்களும் இங்க வரைக்கும் நல்லாத்தான் பேசிட்டு வந்தாங்க. இங்க வந்ததும் எறங்கி மரத்தைப் பாக்கறாங்க, வாய்க்காலைப் பாக்கறாங்க, அதோட பேசாம ஆயிடறாங்க. திரும்பிப் போறப்போ ஒரு பேச்சு கெடையாது. அப்புறம் போனும் எடுக்கறதில்லை. வண்டியில என்ன கொறைன்னாச்சும் சொல்லிட்டுப் போலாம்ல.

சரி, ஏறுங்க. திருப்புங்க வண்டியை.

நீங்க வாங்குனா அந்த ஒண்ணை மட்டும் மறக்காம போட்டுருங்க தம்பி, உள்ள உக்காறவங்களுக்கு. உங்களுக்குச் சம்சாரம், கொழந்தை இருக்குதுன்னீங்கல்ல. லோகநாதன் சொன்னா என்ன, வேற ஒருத்தன் சொன்னா என்ன. போட்டுருங்க. யாரும் வந்து எதுவும் கேக்க மாட்டாங்க.

ஏனுங்க, நீங்களும் பேச மாட்டேங்கறீங்க? ரோட்டைப் பாத்துட்டே வர்றீங்க. ஏசியை வேணும்னா கொறைச்சுருங்க. அந்த பெல்ட்டை வேணும்னாக் கழட்டி விட்டுருங்க, கத்தட்டும், பரவாயில்லை. கழட்டுங்க தம்பி. இல்லைன்னா எதையாச்சும் பேசிட்டே வாங்க, உங்க ஊரைப் பத்திச் சொல்லுங்க, எதை வேணும்னாலும் சொல்லுங்க. வண்டில யாராச்சும் ஒருத்தர் பேசிட்டே இருக்கோணுங்க.